கரடிக்கு எட்டாத உறி

எங்கள் பாட்டி வீட்டு அடுக்களையில் உத்தரத்திலிருந்து ஓர் உறி தொங்கிக்கொண்டிருக்கும். அதில் கீழே மோர்ப்பானை, அதன்மேல் தயிர்ச்சட்டி, எல்லாவற்றிற்கும் மேலே ஒரு மூடி. பூனை எவ்வளவு உயரம் தாவும் என்பதைப் பார்த்து, அதற்கு ஒரு முழம் மேலே இருக்குமாறு கயிற்றைக் கட்டியிருப்பார்கள். சர்க்கரை டப்பாவோ நீர் ஊற்றிய தட்டின் நடுவில் இருக்கும். எறும்புக்கு அந்த நீர் ஓர் அகழி. திருட வரும் உயிரினத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அறிந்துகொண்டால் உணவைக் காப்பது எளிது. பூனையும் எறும்பும் பெரிய சிக்கல்கள் அல்ல.

ஆனால் திருட வருவது நூறு, நூற்றைம்பது கிலோ எடையுள்ள விலங்காக இருந்தால்? அது மரம் ஏறும், நல்ல மோப்பம் உடையது, ஒரு முறை கற்றதை எளிதில் மறக்காது, கற்றதைத் தன் குட்டிக்கும் காட்டிக் கொடுக்கும் என்றால்? அமெரிக்காவின் மேற்கு மலைகளில் நடைப்பயணம் செய்வோர் இந்தக் கேள்விக்கு விடை தேடி அரை நூற்றாண்டுக்கு மேல் முயன்றிருக்கிறார்கள். அவர்களும் முதலில் உறிதான் கட்டினார்கள். அந்த உறி எப்படித் தோற்றது, அதற்கு முன்பு எத்தனை உயிர்கள் போயின, பிறகு என்ன வந்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

அந்நாட்டில் ‘பேக்பேக்கிங்’ என்றொரு பழக்கம் உண்டு. கூடாரம், படுக்கை, சிறு அடுப்பு, ஒரு வாரத்துக்கான உணவு ஆகிய அனைத்தையும் ஒரே முதுகுப்பையில் கட்டிச் சுமந்துகொண்டு, ஊரோ கடையோ இல்லாத மலைக்காட்டில் நாள்கணக்காக நடப்பார்கள். இரவில் கரடி வந்து உணவுப்பையைத் தூக்கிச் சென்றுவிட்டால், மறுநாள் வெறும் வயிற்றோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். மனிதனுக்கு இழப்பு அவ்வளவே. கரடிக்கு ஏற்படும் இழப்போ மிகப் பெரிது. அதைத்தான் இக்கட்டுரை சொல்ல முயல்கிறது.

கரடிகளுக்கு ஒரு சிற்றுண்டிச்சாலை

1872இல் யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வெந்நீர் ஊற்றுகளைக் காண மக்கள் வந்தனர். அவர்களுக்காக விடுதிகள் எழுந்தன. விடுதிகளின் எச்சில் உணவு பின்புறக் குப்பை மேடுகளில் கொட்டப்பட்டது. மாலை நேரங்களில் அந்த மேடுகளுக்குக் கரடிகள் வரத் தொடங்கின. வெந்நீர் ஊற்றைப் பார்க்க வந்தவர்கள் கரடியைப் பார்க்கக் கூடினர்.

சில ஆண்டுகளில் இது ஒழுங்கான காட்சியாகவே மாறிவிட்டது. பார்வையாளர்களுக்குப் பலகை இருக்கைகள் போடப்பட்டன. துப்பாக்கி ஏந்திய பூங்காக் காவலர் குதிரைமீது அமர்ந்தபடி கரடிகளைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவார். அவருக்குப் பின்னால் கரடிகள் எலும்பையும் ரொட்டியையும் பொறுக்கிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் கரடிகளுக்கு மட்டுமான சிற்றுண்டிச்சாலை என்று பலகையே மாட்டியிருந்தார்கள். கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பூங்காவிலும் 1923 முதல் உணவு போட்டுக் கரடிகளை வரவழைத்து, இரவில் மின்விளக்கு வெளிச்சத்தில் மக்களுக்குக் காட்டினர். சாலைகளில் கார்கள் வரிசையாக நிற்க, சன்னல் வழியே கைநீட்டி மிட்டாய் கொடுப்பது சுற்றுலாவின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இதைச் செய்தவர்கள் கரடிகளின் பகைவர்கள் அல்லர். அவற்றை நேசித்தவர்கள்தாம். மக்கள் கரடியைக் கண்ணாரக் கண்டால் காட்டின்மீது அன்பு கொள்வார்கள் என்று அவர்கள் நினைத்தனர். அந்த எண்ணம் முற்றிலும் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருந்தது. 1931 முதல் 1969 வரை யெல்லோஸ்டோனில் கரடிகளால் காயமுற்றவர்கள் ஆண்டுக்குச் சராசரி 48 பேர். பொருட்சேத நிகழ்ச்சிகள் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேல். கடித்த கரடியையும் கூடாரத்தைக் கிழித்த கரடியையும் காவலர்கள் சுட்டுக் கொன்றனர். அடுத்த கோடையில் வேறொரு கரடி அந்த இடத்துக்கு வரும்.

கரடி ஏன் இவ்வளவு எளிதில் இந்த வலையில் விழுகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டால் விளங்கும். குளிர்காலத்தில் கரடி பல மாதங்கள் உண்ணாமல் குகையில் கிடக்கும். அதற்கான கொழுப்பை இலையுதிர் காலத்துக்குள் சேர்த்தாக வேண்டும். அந்நாள்களில் ஒரு கரடி நாளொன்றுக்கு 20,000 கிலோகலோரி வரை உண்ணும். இது நம்மில் எட்டுப் பேர் ஒரு நாளில் உண்பது. காட்டுப் பழம் ஒரு கிராமில் ஏறத்தாழ அரை கிலோகலோரிதான் உண்டு. எனவே பழத்தை மட்டும் உண்டு அந்த அளவை எட்ட 40 கிலோ பழம் பறிக்க வேண்டும். நடைப்பயணியின் பையில் இருப்பதோ கொட்டைகள், சாக்லெட், உலர்ந்த இறைச்சி, வெண்ணெய். கிராமுக்கு 5 கிலோகலோரி என்று வைத்துக்கொண்டாலும் 4 கிலோ போதும். பகல் முழுவதும் முட்புதரில் செய்யவேண்டிய வேலை ஒரு பையைக் கிழிப்பதில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கரடி பேராசை கொண்டதன்று. அதற்குக் கணக்குத் தெரியும், அவ்வளவுதான்.

1967, ஆகஸ்டு 13

மொன்டானா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கிறது. 1910இல் நிறுவப்பட்ட இந்தப் பூங்காவில் கிரிஸ்லி கரடிகள் உண்டு. கிரிஸ்லி என்பது சாதாரணக் கருங்கரடியைவிடப் பெரியது. தோளில் திமில் போன்ற தசையும் நீண்ட நகங்களும் உடையது. கருங்கரடி பெரும்பாலும் மனிதனைக் கண்டால் விலகும், அல்லது மரத்தில் ஏறும். கிரிஸ்லியிடம் அந்தத் தயக்கம் குறைவு. ஆயினும் பூங்கா தொடங்கி 57 ஆண்டுகளில் கிரிஸ்லியால் ஒருவர்கூட அங்கே இறந்ததில்லை.

1967 ஆகஸ்டு 12ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், சில மணி நேர இடைவெளியில், மலைகளால் பிரிக்கப்பட்ட இரண்டு இடங்களில் இரண்டு வெவ்வேறு கிரிஸ்லிகள் இரண்டு பெண்களைக் கொன்றன. இருவருக்கும் வயது 19. இருவரும் கோடை விடுமுறையில் பூங்காவில் வேலை பார்க்க வந்தவர்கள். ஓய்வு நாளில் நடைப்பயணம் சென்று வெட்டவெளியில் உறங்கியவர்கள்.

ஓர் இடம் கிரானைட் பார்க் என்னும் மலை விடுதியின் அருகே இருந்தது. அந்த விடுதியின் பின்புறம் கொட்டப்பட்ட எச்சிலை உண்ணக் கிரிஸ்லிகள் இரவுதோறும் வந்துகொண்டிருந்தன. விருந்தினர் அதை வேடிக்கை பார்த்தனர். மற்றோர் இடம் டிரவுட் ஏரிக்கரை. அங்கே ஒரு கரடி அந்தக் கோடை முழுவதும் முகாம்களுக்குள் புகுந்து உணவைத் திருடி, மனிதரை விரட்டிக்கொண்டிருந்தது. புகார்கள் வந்தன. உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 57 ஆண்டுகளாக நடக்காதது ஒரே இரவில் இரு முறை நடந்தபோது பலர் அதிசயமான தற்செயல் என்றனர். மின்னலைக்கூடக் காரணமாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் இரண்டு இடங்களுக்கும் பொதுவான காரணம் கண்முன்னே கிடந்தது. அது மனித உணவு.

அந்த இரவு அமெரிக்கப் பூங்காக்களின் நடைமுறையையே மாற்றியது. கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற விதி கண்டிப்பாக்கப்பட்டது. கரடிகள் புழங்கும் பாதைகள் மூடப்பட்டன. 1970இல் யெல்லோஸ்டோன் புதிய திட்டம் வகுத்துக் குப்பை மேடுகளை மூடியது. கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டிகளை வைத்தது. கையால் உணவு கொடுப்பதை உண்மையாகவே தடுக்கத் தொடங்கியது.

இங்கே ஒரு விஞ்ஞானச் சண்டையைக் குறிப்பிட வேண்டும். இரட்டையரான ஃபிராங்க் கிரெய்கெட், ஜான் கிரெய்கெட் ஆகிய இருவரும் 1959 முதல் யெல்லோஸ்டோன் கிரிஸ்லிகளை ஆராய்ந்து வந்தனர். 1961இல் ஒரு கிரிஸ்லியின் கழுத்தில் வானொலி அலைபரப்பி பொருத்திய பட்டையை மாட்டி, காட்டுக்குள் அது செல்லுமிடமெல்லாம் பின்தொடர்ந்து காட்டியவர்கள் அவர்கள். டிரான்சிஸ்டர் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. குப்பை மேடுகளைப் படிப்படியாக மூடுங்கள், தலைமுறைகளாக அங்கே உண்டு பழகிய கரடிகள் திடீரென்று முகாம்களை நோக்கி வரும் என்று அவர்கள் எச்சரித்தனர். பூங்கா நிர்வாகமோ விரைவாகவே மூடியது. எச்சரித்தபடியே நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பல கிரிஸ்லிகள் கொல்லப்பட்டன. 1975இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் கிரிஸ்லி, அழியும் அபாயத்தை நெருங்கும் இனமாக அறிவிக்கப்பட்டது.

யார் சொன்னது சரி? மேடுகளை மூடியே ஆகவேண்டும் என்பதில் நிர்வாகம் சரி. மூடும் வேகத்தில் கிரெய்கெட் சகோதரர்கள் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. தப்பிப் பிழைத்த கரடிகள் மெல்ல மெல்ல மான் கன்று, மீன், பைன் கொட்டை, அந்துப்பூச்சி என்று காட்டு உணவுக்குத் திரும்பின. இன்று அந்தப் பூங்காவிலும் சுற்றுப்புறத்திலும் சேர்த்துக் கிரிஸ்லிகள் ஏறத்தாழ ஆயிரம் இருக்கின்றன.

எதிரெடை உறி

குப்பை மேடு மூடப்பட்டாலும் கரடியின் நினைவு மூடப்படவில்லை. யோசெமிட்டியில் கடைசி உணவுத் திடல் 1971இல் மூடப்பட்டது. அதே காலத்தில்தான் நைலான் கூடாரமும், அலுமினியச் சட்டம் வைத்த முதுகுப்பையும், உலர்த்திய உணவுப் பொட்டலமும் மலிவாகி, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சியரா நெவாடா மலைகளுக்குள் நடக்கத் தொடங்கினர். கலிபோர்னியாவில் கிரிஸ்லி 1920களிலேயே அற்றுப்போய்விட்டது. எஞ்சியவை கருங்கரடிகள். சமவெளிக் குப்பையை இழந்த கருங்கரடிக்கு, உணவை முதுகில் சுமந்துகொண்டு தானே மலையேறி வரும் மனிதன் கிடைத்தான்.

பையை மரத்தில் தொங்கவிட்டால் போயிற்று என்று முதலில் நினைத்தனர். கயிற்றைக் கிளைமேல் எறிந்து, பையை இழுத்து உயர்த்தி, மறுமுனையை அடிமரத்தில் கட்டினார்கள். அடிமரத்துக் கயிற்றைக் கடித்தால் மேலே இருக்கும் பை கீழே விழும் என்று கரடிகள் கண்டுகொண்டன. நாம் இதை ஏதோ கதையில் வரும் தந்திரம் என்று நினைக்கலாம். ஆனால் கரடி பௌதிகம் படிக்க வேண்டியதில்லை. ஒரு முறை தற்செயலாகக் கயிறு அறுந்து பை விழுந்தால் போதும்.

கட்டிய முனைதான் பலவீனம் என்றால் கட்டிய முனையே இல்லாத உறி வேண்டும். இப்படிப் பிறந்ததுதான் 1970களில் யோசெமிட்டி நிர்வாகம் எல்லாப் பயணிகளுக்கும் கற்பித்த எதிரெடை முறை. உணவைச் சம எடையுள்ள இரு பைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் நாலரைக் கிலோவுக்கு மிகாமல் இருக்கட்டும். கயிற்றைக் கிளைமேல் போட்டு, முதல் பையைக் கட்டிக் கிளை வரை உயர்த்த வேண்டும். பிறகு கை எட்டும் உயரத்தில் கயிற்றில் இரண்டாவது பையைக் கட்டி, மீதிக் கயிற்றை அதனுள்ளேயே செருகிவிட்டு, ஒரு நீண்ட கழியால் அதை மேலே தள்ள வேண்டும். ஒரு பை ஏற, மறு பை இறங்கும். இரண்டும் தரையிலிருந்து 12 அடி உயரத்தில் சமமாக நிற்கும்போது விட்டுவிட வேண்டும். காலையில் அதே கழியால் ஒரு பையைத் தள்ளினால் மற்றது கைக்கு வரும்.

பௌதிக மாணவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கப்பியின் இருபுறமும் சம எடை தொங்கும் அட்வுட் எந்திரம்தான் இது. ஒரு வேறுபாடு உண்டு. நம் ஆய்வுக்கூடத்துக் கப்பியில் உராய்வு இருக்கக்கூடாது என்று எண்ணெய் போடுகிறோம். இங்கே உராய்வுதான் காவலாளி. கிளைமேல் அரைச் சுற்றுச் சுற்றிய கயிற்றில், உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், ஒரு பக்கத்து இழுவிசை மறுபக்கத்தைப் போல இரண்டரை மடங்கு ஆகும் வரை கயிறு நழுவாது. எனவே எடையில் சிறு வேறுபாடு இருந்தாலும் காற்றடித்தாலும் பைகள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

கிளையைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கு உண்டு. அடிமரத்திலிருந்து 10 அடி தள்ளிக் கயிறு தொங்க வேண்டும். அந்த இடத்தில் கிளை கட்டைவிரல் பருமனே இருக்க வேண்டும். 9 கிலோ எடை 3 மீட்டர் தொலைவில் உண்டாக்கும் திருப்புத்திறனைக் கிளை தாங்க வேண்டும். ஆனால் 15 கிலோக் குட்டி ஒன்று அங்கே வந்தால் அது தாங்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கிளையைத் தேட வேண்டும். பகல் முழுவதும் மலையேறிக் களைத்தவர் இருட்டுவதற்குள் தேட வேண்டும். உயர்ந்த மலைச்சரிவுகளில் அப்படிப்பட்ட மரமே இருப்பதில்லை. ஒழுங்காகத் தொங்கவிட்டவர்கள் சிலரே என்பதில் வியப்பில்லை.

ஒழுங்காகத் தொங்கவிட்டாலும் கரடிகள் விடவில்லை. தாய்க்கரடி கீழே காத்திருக்க, எடை குறைந்த குட்டி கிளையில் நகர்ந்து சென்று கயிற்றைக் கடித்தது. கிளையையே அடியில் கடித்து ஒடித்த கரடிகள் உண்டு. சில கரடிகள் மரத்தின் மேலிருந்து பையை நோக்கிப் பாய்ந்து, விழும்போதே அதைப் பற்றிக்கொண்டு தரைக்கு வந்தன. குட்டிகள் தாயுடன் ஒன்றரை ஆண்டு வரை திரியும். அந்தக் காலம்தான் அவற்றுக்குப் பள்ளிக்கூடம். எனவே ஒவ்வோர் உறியும் அதற்கடுத்த தலைமுறைக்கு ஒரு பாடமானது. மனிதன் கட்டினான், கரடி கற்றது. மனிதன் மேலும் கடினமாகக் கட்டினான், கரடி மேலும் கற்றது. அவ்வப்போது வெற்றி கிடைக்குமானால் விலங்கு முயற்சியைக் கைவிடுவதில்லை. பத்தில் ஒரு முறை விழும் பரிசு, எப்போதும் விழும் பரிசைவிட வலிமையாக மனத்தில் பதியும். எதிரெடை முறை அப்படி ஒரு பரிசுச் சீட்டாகத்தான் முடிந்தது. தோற்றவை கரடிகளே. துணிச்சல் மிகுந்தவை பிடிக்கப்பட்டன. மீண்டும் மீண்டும் வந்தவை கொல்லப்பட்டன.

ஓர் எந்திரப் பட்டறையின் விடை

சியரா மலைகளின் அடிவாரத்தில் வைசேலியா என்றோர் ஊர். 1980களில் அங்கிருந்த கார்சியா எந்திரப் பட்டறை ஒரு கறுப்பு உருளையைச் செய்தது. தலைக்கவசங்களுக்குப் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், விட்டம் 22 சென்டிமீட்டர், நீளம் 30 சென்டிமீட்டர், எடை 1.2 கிலோ. மூடி வெளியே துருத்தாமல் உள்ளடங்கி இருக்கும். அதில் இரண்டு பூட்டுத் திருகுகள். ஒரு நாணயத்தின் விளிம்பால் திருகினால் திறக்கும். உள்ளே ஒருவருக்கு ஐந்தாறு நாள் உணவு கொள்ளும். பற்பசை, சோப்பு போன்றவற்றையும் உள்ளேதான் வைக்க வேண்டும். மணமுள்ள எதுவும் கரடிக்கு உணவே.

இதில் கயிறு இல்லை, மரம் இல்லை, முடிச்சு இல்லை. கூடாரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளித் தரையில் வைத்துவிட்டுத் தூங்கப் போக வேண்டியதுதான். உயரத்தை நம்பிய உறிக்கு நேர் எதிரான சிந்தனை இது. கரடிக்கு எட்டட்டும், ஆனால் ஒன்றும் கிடைக்கக்கூடாது.

உருளை வடிவம் எதற்கு? கரடியின் வாய் எவ்வளவு விரிந்தாலும் அந்த வளைவைக் கவ்வும் அளவுக்கு விரியாது. கவ்வினால்தான் கோரைப்பல்லின் முனையில் தாடையின் விசை முழுவதும் குவியும். வழவழப்பான வளைபரப்பில் பல் வழுக்கிவிடும். நகத்தை மாட்டி நெம்ப விளிம்போ மூலையோ கைப்பிடியோ இல்லை. கரடி ஏறி நின்றாலும், கல் வளைவுப் பாலம் சுமையைப் பக்கங்களுக்குப் பகிர்வதுபோல உருளையின் சுவர் எடையைப் பகிர்ந்துகொள்ளும். கரடி உருட்டும், அறையும், பிறகு சலித்துப்போய்விடும். அந்தச் சலிப்புத்தான் இக்கருவியின் பயன்.

குறை சொல்லாமல் இல்லை. வெறும் பெட்டியே ஒரு கிலோவுக்கு மேல் என்றால், பல் துலக்கும் தூரிகையின் கைப்பிடியைக்கூட வெட்டி எடையைக் குறைக்கும் நடைப்பயணிகளுக்குக் கோபம் வராதா? குண்டு துளைக்காத அங்கி செய்யும் வகை இழையால் நெய்த இலேசான பைகள் பின்னால் வந்தன. கரடியால் அவற்றைக் கிழிக்க முடியாது. ஆனால் உள்ளே இருப்பதை மென்று கூழாக்கலாம், சாறும் கசியலாம். பல இடங்களில் அவற்றுக்கு அனுமதி உண்டு, யோசெமிட்டியில் இல்லை.

மக்கள் பழக்கம் மாறப் பல ஆண்டுகள் ஆயின. மலையில் பெட்டிகள் பரவிக்கொண்டிருக்க, கீழே பள்ளத்தாக்கில் கரடிகள் கார்களைக் கற்றுக்கொண்டன. கதவின் மேல்விளிம்பில் நகத்தை மாட்டி, தகர டப்பாவின் மூடியை மடக்குவதுபோல மடக்கிவிடும். 1998இல் மட்டும் யோசெமிட்டியில் 1,500க்கு மேற்பட்ட கரடி நிகழ்ச்சிகள் பதிவாயின. இழப்பு 6 இலட்சம் டாலருக்கு மேல். குழந்தைகளுடன் செல்லும் குடும்பங்கள் விரும்பி வாங்கும் ‘மினிவேன்’ வண்டிகளைக் கரடிகள் தேர்ந்தெடுத்து உடைத்தன என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. இருக்கை இடுக்கில் சிந்திய பிஸ்கட்டை யாரும் துடைப்பதில்லை அல்லவா? 1999 முதல் அரசு தனி நிதி ஒதுக்கியது. முகாம்தோறும் எஃகு அலமாரிகள் வைக்கப்பட்டன. காவலர்கள் இரவுச் சுற்று வந்தனர். மலைக்குள் செல்வோர்க்குப் பெட்டி கட்டாயமாயிற்று. நிகழ்ச்சிகள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தன.

புதிய பெட்டிகளைச் சோதிப்பவையும் கரடிகள்தாம். யெல்லோஸ்டோன் எல்லையை ஒட்டிய ஒரு காப்பகத்தில், காட்டுக்குத் திரும்ப முடியாத கிரிஸ்லிகள் வாழ்கின்றன. அவற்றுள் பல, மனித உணவுக்குப் பழகி முகாம்களில் புகுந்ததால் பிடிக்கப்பட்டவை. உணவு வைத்த பெட்டியை அவற்றிடம் உருட்டிவிடுகிறார்கள். கடித்தும் நெம்பியும் அவை தாக்கும் நேரம் 60 நிமிடத்தை எட்டும் வரை தாங்கினால் பெட்டி தேறிவிட்டது.

இந்தச் சோதனைகளையெல்லாம் வென்ற பெட்டியைத் திறந்த ஒரு கரடியும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலைகளின் ஒரு பகுதியில் 2005 முதல் பெட்டி கட்டாயம். அங்கே 57 கிலோ எடையே உள்ள, மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் ஒரு பெண் கருங்கரடி இருந்தது. காதுகளில் மாட்டிய இரண்டு மஞ்சள் வில்லைகளால் அதற்கு ‘எல்லோ எல்லோ’ என்று பெயர். மருந்து புட்டிபோல அழுத்தித் திருகும் மூடி கொண்ட ஒருவகைப் பெட்டியை அது திறக்கக் கற்றுக்கொண்டது. தயாரிப்பாளர் இரண்டாவது தடுப்பொன்றைச் சேர்த்தார். பல்லால் அதையும் அழுத்தித் திறந்தது. ஒரு கூச்சமுள்ள சிறு கரடியால் ஒரு தொழிற்சாலை தன் வரைபடத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 2012 இலையுதிர் காலத்தில், வேட்டைப் பருவத்தில், ஒரு வேட்டைக்காரரின் குண்டுக்கு அது பலியாயிற்று.

முடியில் எழுதிய கணக்கு

இத்தனை முயற்சியாலும் கரடியின் உணவு உண்மையிலேயே மாறியதா? உடைந்த கார்களை எண்ணினால் மனிதனின் இழப்புத் தெரியும், கரடியின் வயிறு தெரியாது. இதற்கு விடை தந்தது இயற்பியலும் வேதியியலும் கலந்த ஒரு முறை. கார்பனில் எடை 12 உள்ள அணுவே மிகுதி. நூற்றுக்கு ஒன்றளவில் எடை 13 உள்ள அணுவும் உண்டு. சோளமும் கரும்பும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறானதால், சியரா மலையின் செடிகளைவிடக் கார்பன்-13 அவற்றில் சற்று மிகுதி. அமெரிக்கர் உணவோ சோளத்தில் வளர்ந்த இறைச்சியும் சர்க்கரையும் நிறைந்தது. அதை உண்ட கரடியின் முடியிலும் எலும்பிலும் அந்தச் சுவடு தங்கிவிடும். நைட்ரஜன் ஐசோடோப்புகளும் இதேபோல் உதவுகின்றன.

அருங்காட்சியகங்களில் இருந்த பழைய கரடிகளின் எலும்பையும் முடியையும், புதிதாகச் சேகரித்த முடியையும் ஆராய்ந்து 2014இல் யோசெமிட்டியின் கணக்கை வெளியிட்டனர். மனித உணவுக்குப் பழகிய கரடிகளின் தீனியில் மனித உணவின் பங்கு 1915–1919இல் 13 விழுக்காடு. உணவுத் திடல்கள் இருந்த 1928–1939இல் 27. திடல்கள் மூடப்பட்டபின், உறிகள் தொங்கிய 1975–1985இல் குறையவில்லை, 35 ஆக ஏறியது. பெட்டியும் எஃகு அலமாரியும் வந்தபின், 2001–2007இல் மீண்டும் 13. வேடிக்கை காட்ட வேண்டுமென்றே உணவு போட்ட காலத்தைவிட, கொடுக்காமல் காக்க முயன்று தோற்ற காலத்தில்தான் கரடிகள் நம் உணவை அதிகம் உண்டிருக்கின்றன.

நம் நீலகிரியிலும் கரடிகள் கோயிலுக்குள் புகுந்து விளக்கெண்ணெயைக் குடிப்பதையும், பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் கதவை உடைப்பதையும் செய்தித்தாள்களில் படிக்கிறோம். இனம் வேறு, கணக்கு ஒன்றே. கரடியைப் பிடித்து வேறு காட்டில் விட வேண்டும் என்ற குரல்தான் முதலில் எழுகிறது. எண்ணெய் டின் எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சியரா மலைகளில் இன்று நடக்கும் பயணிகள் தங்கள் கறுப்புப் பெட்டியின்மேல் ஒளி பிரதிபலிக்கும் நாடாத் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள்கிறார்கள். இரவில் கரடி அதை உருட்டிச் சென்று புதரில் விட்டுவிட்டுப் போயிருந்தால், காலையில் தேடிக் கண்டுபிடிப்பதற்காக.